மெஷின் சொன்ன எண்ணும் தையல் டேப் சொன்ன அளவும்

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். பாலக்கோடு பக்கம் ஒரு கிராமத்தில் வீட்டிலேயே பிளவுஸ், சுடிதார் தைத்துக் கொடுக்கிறேன். மகனுக்கு 23 வயது. ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை, ஊர்க் கபடி டீமிலும் ஆடுகிறான். கம்பெனி மெடிக்கல் செக்கப்பில் ‘பி.எம்.ஐ. 27.7, உடல் பருமன்’ என்று எழுதி, பத்து கிலோ குறைக்கச் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து ராத்திரியில் களியைத் தொடுவதில்லை. இரண்டு சப்பாத்தியோடு படுத்துவிடுகிறான். போன வாரம் கிரவுண்டில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டானாம். என் வீட்டுக்காரருக்கு 51 வயது, உரக்கடை வைத்திருக்கிறார். ஒல்லியான ஆள். கல்யாணத்தின்போது இருந்த அதே 60 கிலோதான் இன்றைக்கும். அவருடைய பி.எம்.ஐ. 21.8, நார்மல் என்கிறார்கள். ஆனால் மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வந்த அக்கா பார்த்ததில் சுகர் 236. பிறகு ஆஸ்பத்திரியில் பார்த்ததில் மூன்று மாத சராசரி (எச்.பி.ஏ.1.சி. டெஸ்ட்) 7.4 சதவீதம். மாமியாருக்கு 70 வயது, 148 செ.மீ., 52 கிலோ. அவருக்கும் ‘எடை அதிகம்’ என்று எழுதியிருக்கிறார்கள். டேப் வைத்து நானே இடுப்பளவு எடுத்தேன். வீட்டுக்காரர் (166 செ.மீ.) 37 இஞ்ச், மகன் (173 செ.மீ., 83 கிலோ) 33 இஞ்ச். எனக்கு 46 வயது, 152 செ.மீ., 64 கிலோ, இடுப்பு 36. என் அம்மாவுக்கு சர்க்கரை இருந்தது. மெஷின் சொல்வதும் டேப் சொல்வதும் ஒத்துப்போகவில்லை. எதை நம்புவது?

பதில்:

சகோதரிக்கு வணக்கம். அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். மகனை இன்று இரவே வயிறு நிறையச் சாப்பிடச் சொல்லுங்கள். பகலெல்லாம் கம்பெனியில் நின்றுவிட்டு, சாயங்காலம் கபடி ஆடுகிற இருபத்து மூன்று வயதுப் பையனுக்கு இரண்டு சப்பாத்தி எந்த மூலைக்கு? தலை சுற்றியதற்குப் பெரும்பாலும் அதுவே காரணமாக இருக்கும். இருந்தாலும் ரத்த அழுத்தமும் ஹீமோகுளோபினும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். நன்றாகச் சாப்பிட்ட பிறகும் சுற்றல் வந்தாலோ, ஆடிக்கொண்டிருக்கும்போதே மயங்கி விழுந்தாலோ, நெஞ்சு படபடத்தாலோ, இசிஜி எடுத்து மருத்துவர் சரி என்று சொல்லும்வரை கிரவுண்டுக்கு அனுப்ப வேண்டாம்.

அடுத்து, எதை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வீட்டுக் கணக்கைப் பொறுத்தவரை டேப்பைத்தான் நான் அதிகம் நம்புவேன். மெஷின் பொய் சொல்கிறது என்று அர்த்தமில்லை. அதற்குத் தெரிந்தது உயரமும் எடையும் மட்டும். அந்த எடை எதனால் ஆனது, உடம்பில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது அதற்குத் தெரியாது.

பி.எம்.ஐ. எப்படி வருகிறது என்று பாருங்கள். எடையை, மீட்டரில் எடுத்த உயரத்தால் இரண்டு முறை வகுக்க வேண்டும். மகனின் 83 கிலோவை 1.73 ஆல் வகுத்து, வந்ததை மறுபடி 1.73 ஆல் வகுத்தால் 27.7. இப்போது உங்கள் 64 கிலோவை 1.52 ஆல் இரண்டு முறை வகுத்துப் பாருங்கள். அதே 27.7! அம்மாவுக்கும் மகனுக்கும் ஒரே எண். ஆனால் உங்கள் டேப் அவனுக்கு 33 என்கிறது, அவனைவிட 21 செ.மீ. குள்ளமான உங்களுக்கு 36 என்கிறது. இத்தனை வருடம் தைக்கிறீர்கள், இந்த இரண்டு உடம்புக்கும் ஒரே அளவில் வெட்ட மாட்டீர்கள். மருத்துவத்திலும் வெட்டக் கூடாது.

இந்தக் கணக்கைக் கண்டுபிடித்தவர் மருத்துவரே இல்லை. பெல்ஜியம் நாட்டைச் சேர்ந்த அடால்ஃப் கெட்லே என்ற வானியல், புள்ளியியல் அறிஞர். நட்சத்திரக் கணக்கு போட்ட அதே முறையில் மனிதர்களையும் அளந்து, ‘சராசரி மனிதன்’ எப்படி இருப்பான் என்று பார்க்க விரும்பினார். வளர்ந்தவர்களின் எடை ஏறக்குறைய உயரத்தின் வர்க்கத்தை ஒட்டிப் போகிறது என்பதை 1830களில் கண்டார். நோயைப் பற்றி அவர் யோசிக்கவே இல்லை. நூற்று நாற்பது வருடம் கழித்து, 1972 இல், ஆன்செல் கீஸ் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளரும் அவருடைய குழுவினரும் ஐந்து நாடுகளைச் சேர்ந்த ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் அளவுகளை வைத்து, உயரம் எடையைக் கொண்டு போடும் கணக்குகளில் சுலபமானது இதுதான் என்று ஒப்பிட்டுச் சொன்னார்கள். பி.எம்.ஐ. என்ற பெயர் அப்போது வந்ததுதான். அந்த ஏழாயிரம் பேரும் ஆண்கள். ஒரு பெண்கூட இல்லை.

கூட்டத்தைப் பார்க்க இது நல்ல கருவி. ஒரு மாவட்டத்தில் எத்தனை பேர் போதிய எடை இல்லாமல் இருக்கிறார்கள், பத்து வருடத்தில் ஊர் எடை கூடியதா என்றெல்லாம் பார்க்க இதைவிட மலிவான வழி கிடையாது. ஒரு தராசும் சுவரில் ஒரு கோடும் போதும். ஒரு தனி ஆளைக் கூப்பிட்டு ‘உனக்கு நோய்’ என்றோ ‘உனக்கு ஒன்றும் இல்லை’ என்றோ இதை மட்டும் வைத்துச் சொல்லும்போதுதான் தப்பு நடக்கிறது. 2025 ஜனவரியில் ‘லான்செட்’ மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் குழுவும் இதையே சொன்னது: பி.எம்.ஐ. யை மட்டும் வைத்து ஒருவருக்குப் பருமன் நோய் என்று முடிவு கட்டாதீர்கள், இடுப்புச் சுற்றளவையோ கொழுப்பின் அளவையோ சேர்த்துப் பாருங்கள், உறுப்புகள் பாதிக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள்.

எல்லைக் கோடுகளும் மனிதர்கள் போட்டவைதான். அமெரிக்காவில் 1998 வரை ஆண்களுக்கு 27.8, பெண்களுக்கு 27.3 என்று இருந்த கோட்டை 25 க்கு இறக்கினார்கள். முந்தின நாள் வரை நார்மலாக இருந்த கோடிக்கணக்கான பேர் மறுநாள் ‘எடை அதிகம்’ ஆகிவிட்டார்கள். ஒருவர் உடம்பும் ஒரு ராத்திரியில் மாறவில்லை. நம் நாட்டில் கோடு இன்னும் கீழே இருக்கிறது. 23 தாண்டினால் எடை அதிகம், 25 தொட்டால் பருமன். மாமியாருக்கும் மகனுக்கும் அப்படி எழுதியது இந்த இந்தியக் கோட்டை வைத்துத்தான். அந்தக் கோட்டைக் கீழே இறக்கியதற்கு நல்ல காரணம் இருக்கிறது. உங்கள் வீட்டுக்காரரைப் பற்றிப் பேசினால் அது புரியும்.

அவரைப் போன்றவர்கள் தினமும் என் முன்னால் வந்து உட்கார்கிறார்கள். ‘நான் ஒல்லிதானே சார், எனக்கு எப்படி சுகர்?’ என்று அதிர்ந்துபோய்க் கேட்கிறார்கள். 2004 இல் இதே ‘லான்செட்’ இதழில் இரண்டு மருத்துவர்கள் தங்கள் சொந்தப் படத்தையே போட்டு ஒரு பக்கக் கட்டுரை எழுதினார்கள். ஒருவர் புனேயைச் சேர்ந்த யாஜ்னிக், இன்னொருவர் லண்டனைச் சேர்ந்த யுட்கின். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. ஆனால் உடம்பின் கொழுப்பை ஸ்கேன் எடுத்துப் பார்த்தால், லண்டன்காரருக்கு 9.1 சதவீதம், நம் புனே மருத்துவருக்கு 21.2 சதவீதம். ஒரே எண்ணுக்குள் இரண்டு மடங்குக்கும் மேல் வித்தியாசம். பொதுவாக இந்தியர்களுக்குக் கைகாலில் தசை குறைவு, வயிற்றுக்குள் கொழுப்பு அதிகம். அதனால் ஐரோப்பியர்களுக்கு இருப்பதைவிடக் குறைந்த எடையிலேயே நமக்குச் சர்க்கரை வந்துவிடுகிறது. கோட்டை 23 க்கு இறக்கியது இதற்காகத்தான். அப்படி இறக்கிய பிறகும் 21.8 இல் இருக்கிற உங்கள் வீட்டுக்காரர் அதற்கு அடியில் புகுந்து தப்பிவிட்டார்.

கல்யாணத்தின்போது இருந்த அதே 60 கிலோ என்று எழுதியிருக்கிறீர்கள். அது அதே அறுபது கிலோ இல்லை. அவர் கல்யாணத்துக்கு எத்தனை இஞ்ச் பேன்ட் தைத்தார் என்று ஞாபகப்படுத்திப் பாருங்கள். இருபத்தெட்டோ முப்பதோ இருந்திருக்கும். இப்போது 37. தொடையிலும் தோளிலும் இருந்த தசை கரைந்து, அதே எடைக்கு வயிற்றில் கொழுப்பு சேர்ந்திருக்கிறது. தராசில் முள் அசையவில்லை, அதனால் இருபது வருடமாக யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

இதில் சர்க்கரை எங்கே வருகிறது? உரக்கடை வைத்து விளக்கினால் அவருக்கே சட்டென்று புரியும். நாம் சாப்பிட்டதும் ரத்தத்துக்கு வரும் சர்க்கரையில் பெரும் பங்கை வாங்கி அடுக்கி வைப்பது தசைதான். அதுதான் குடோன். குடோன் வருடா வருடம் சின்னதாகிக்கொண்டே போகிறது, லோடு மட்டும் அதே அளவு வருகிறது. மிச்ச மூட்டையை எங்கே போடுவது? அது கொழுப்பாக மாறி வயிற்றுக்குள்ளும் ஈரலிலும் அடைகிறது. கொழுப்பு அடைந்த ஈரல் இன்சுலின் சொல்வதைக் கேட்காது, சாப்பிடாத நேரத்திலும் சர்க்கரையை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். தோலுக்கு அடியில், பிட்டத்திலும் தொடையிலும் இருக்கும் கொழுப்பு இந்த அளவுக்குத் தொல்லை தராது. குடலைச் சுற்றி இருக்கும் கொழுப்புதான் ஈரலுக்கு நேர் வழியில் போகிறது. உங்கள் டேப் பிடித்துக் காட்டியது இந்தக் கொழுப்பைத்தான்.

அவர் தனி ஆளும் இல்லை. இந்தியா முழுவதும் நடத்திய ஐ.சி.எம்.ஆர். ஆய்வின் முடிவுகள் 2023 இல் வந்தன. பி.எம்.ஐ. படி பருமன் உள்ளவர்கள் 28.6 சதவீதம். இடுப்பை அளந்தால் வயிற்றுப் பருமன் உள்ளவர்கள் 39.5 சதவீதம். இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில் இருக்கிற கூட்டத்தில்தான் உங்கள் வீட்டுக்காரர் நிற்கிறார். அவருடைய சர்க்கரையைக் கண்டுபிடித்தது தராசு இல்லை, வீடு தேடி வந்து விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்த அந்த அக்கா. அந்தத் திட்டத்தை 2021 ஆகஸ்ட் 5 அன்று பக்கத்திலேயே, கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கி வைத்தார்கள். ஒல்லியாக இருப்பவர்கள் தாமாக ஆஸ்பத்திரிக்குப் போய் சுகர் பார்க்கச் சொல்வதில்லை. வீட்டு வாசலுக்கு வந்து பார்ப்பதால் இப்படிப்பட்டவர்கள் அகப்படுகிறார்கள். எனக்கு அதில் மிகவும் சந்தோஷம்.

அவர் என்ன செய்ய வேண்டும்? மாத்திரையை விடாமல் சாப்பிட வேண்டும். ‘எடை குறையுங்கள்’ என்று பொத்தாம்பொதுவாக அவரிடம் சொல்ல மாட்டேன். பட்டினி கிடந்தால் வயிற்றோடு சேர்ந்து மிச்சமுள்ள தசையும் போய்விடும். இடுப்பு குறைய வேண்டும், தசை கூட வேண்டும். கடையில் மூட்டை ஏற்ற ஆள் இருப்பார்கள், தெரியும். ஆனாலும் தினமும் கொஞ்சம் பாரம் தூக்கட்டும், நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்திருக்கட்டும், மூன்று வேளையும் சாப்பிட்ட பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் நடக்கட்டும். கண், பாதம், சிறுநீரில் புரதம், ஈரல், கொழுப்பு இவற்றையும் இந்த வருடத்துக்குள் பார்த்துவிட வேண்டும். இதற்கிடையில் முயற்சி எதுவும் இல்லாமலே எடை மளமளவென்று இறங்கினால், தாகமும் சிறுநீரும் கூடினால், அடுத்த முறைக்குக் காத்திருக்காமல் உடனே மருத்துவரைப் பாருங்கள். அது வேறு வகைச் சர்க்கரையாக இருக்க வாய்ப்பு உண்டு.

களியைப் பற்றி ஒரு வார்த்தை. நம் பக்கத்தில் ‘சுகர் வந்தால் அரிசியை விடு, ராகிக் களி சாப்பிடு’ என்று எல்லோரும் சொல்கிறோம். ராகியில் நாரும் சுண்ணாம்புச் சத்தும் உண்டு, நல்ல தானியம். ஆனால் அதிலும் மாவுச்சத்துதான் பெரும் பகுதி. அன்றைக்குத் தாத்தா இரண்டு உருண்டை களி சாப்பிட்டுவிட்டு ஏர் பிடிக்கப் போனார். இன்றைக்கு அதே இரண்டு உருண்டையைச் சாப்பிட்டுவிட்டுக் கல்லாவில் உட்கார்ந்தால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். உருண்டையைச் சின்னதாக்குங்கள். அவரைக்கொட்டைக் குழம்பும் கீரைக் கடைசலும் தட்டில் பாதி இருக்கட்டும். கொள்ளு, முட்டை, நிலக்கடலை எது முடிகிறதோ அதைச் சேருங்கள். தசைக்குச் சாப்பாடு அதுதான். மாம்பழ சீசனில் சாப்பாட்டுக்கு மேல் ஒரு முழு பெங்களூரா என்று வைக்காதீர்கள். ஆசைக்கு இரண்டு துண்டு, அதுவும் அந்த வேளைக் களியையோ சோற்றையோ குறைத்துக்கொண்டு.

இப்போது மகன். அவனுக்கு எடை எங்கிருந்து வருகிறது? ஒரு லிட்டர் பாத்திரம் நிறையக் கொழுப்பை வைத்தால் சுமார் 900 கிராம் இருக்கும். அதே பாத்திரத்தில் தசையை வைத்தால் 1,060 கிராம் வரும். கபடிக்காரன் தொடையும் முதுகும் தராசில் கனக்கத்தான் செய்யும். உயரத்தில் பாதிக்குமேல் இடுப்பு போகக் கூடாது என்று ஒரு சுலபமான விதி இருக்கிறது. அவன் உயரம் 68 இஞ்ச், பாதி 34. இடுப்பு 33. விதிக்குள் இருக்கிறான். செக்கப் செய்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், ஒரே நாளில் நூற்றுக்கணக்கான பேரை வரிசையில் நிறுத்திப் பார்க்கிறார்கள். ஆனால் அந்தக் காகிதத்தில் இடுப்பளவுக்கு ஒரு கட்டம் இருந்திருந்தால் உங்கள் மகன் பட்டினி கிடந்திருக்க மாட்டான்.

அதற்காக அவனுக்கு எதுவுமே வேண்டாம் என்று விட்டுவிட முடியாது. அப்பாவுக்குச் சர்க்கரை, அம்மா வழிப் பாட்டிக்குச் சர்க்கரை. வருடம் ஒரு முறை வெறும் வயிற்றுச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கட்டும். கபடியை நிறுத்துகிற வருடம் ஒன்று வரும். கல்யாணம் ஆகும், ஷிப்ட் மாறும், ஆட்டம் நிற்கும், சாப்பாடு மட்டும் அப்படியே இருக்கும். அப்போது தராசில் 83 ஏ காட்டிக்கொண்டிருக்கும், அதைப் பார்த்து ஏமாறக் கூடாது. உங்கள் டேப் 33 ஐத் தாண்டுகிறதா என்று பாருங்கள். கொழுப்புச் சதவீதம் காட்டும் எடை மெஷின் ஆன்லைனில் கிடைக்கிறதே என்று அவன் கேட்டால், வேண்டாம் என்று சொல்லுங்கள். உடம்பில் மெல்லிய மின்சாரம் ஓடவிட்டு அது போடும் கணக்கு, காலையில் ஒன்று சொல்லும், ஆடி வியர்த்த பிறகு வேறு ஒன்று சொல்லும்.

மாமியாரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவர் எடை குறைக்க வேண்டியதில்லை. எழுபது வயதுக்குள் முதுகெலும்பு தேய்ந்து பெண்கள் சராசரியாக ஐந்து செ.மீ. வரை குள்ளமாகிவிடுகிறார்கள். இளவயதில் அவர் 153 செ.மீ. இருந்திருந்தால், இதே 52 கிலோவுக்கு எண் 22.2 தான் வந்திருக்கும். உயரம் குறைந்ததால் எண் ஏறிவிட்டது, கொழுப்பு ஏறியதால் என்று நினைக்க முடியாது. இந்த வயதில் எனக்குக் கவலை தசையைப் பற்றித்தான். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள், பக்கத்தில் நின்று பிடித்துக்கொள்ள ஒருவர் இருக்கட்டும். பதினைந்து விநாடிக்கு மேல் ஆனால் கால் வலு குறைந்திருக்கிறது என்று பொருள். அப்படியானால் மருத்துவரிடம் காட்டுங்கள். தினம் ஒரு முட்டையோ ஒரு கிண்ணம் பருப்போ கூடுதலாகக் கொடுங்கள். களியைக் குறைத்துவிட்டு அவரைப் பட்டினி போட்டுவிடாதீர்கள்.

மூன்று பேரைப் பற்றியும் இத்தனை வரி எழுதிய நீங்கள், உங்களைப் பற்றி எழுதியது ஒரே ஒரு வரி. வயது, உயரம், எடை, இடுப்பு, அம்மாவுக்குச் சர்க்கரை. அவ்வளவுதான். எனக்கு அதிகக் கவலை தருவது அந்த வரிதான்.

மகன் விஷயத்தில் எண் தவறாகப் பேசியது, கணவர் விஷயத்தில் பேசாமலே விட்டது. உங்கள் விஷயத்தில் எண்ணும் டேப்பும் ஒரே பேச்சுப் பேசுகின்றன. உங்கள் உயரம் 60 இஞ்ச், பாதி 30. இடுப்பு 36. ஆறு இஞ்ச் மேலே. இந்தியப் பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டக் கூடாது என்பார்கள், உங்களுக்கு 91. ‘பி.எம்.ஐ. எல்லாம் நம்ப முடியாது’ என்று இந்தப் பதிலைப் படித்துவிட்டு நீங்கள் நிம்மதியாகத் தையல் மெஷினில் போய் உட்கார்ந்துவிடக் கூடாது என்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

சென்னையில் மருத்துவர் மோகன் குழுவினர் 2005 இல் வெளியிட்ட ஒரு மதிப்பெண் முறை இருக்கிறது. அதில் எடையே கேட்க மாட்டார்கள். வயது, இடுப்பு, உடலுழைப்பு, பெற்றோருக்குச் சர்க்கரை உண்டா, இந்த நான்கும்தான். வயது 35 முதல் 49 வரை என்பதால் உங்களுக்கு 20. இடுப்பு 90 செ.மீ. தாண்டியதால் 20. உட்கார்ந்த வேலை, தனியாக உடற்பயிற்சி கிடையாது என்றால் 30. பெற்றோரில் ஒருவருக்குச் சர்க்கரை என்பதால் 10. மொத்தம் 80. அறுபது தொட்டாலே அபாயம் அதிகம் என்பார்கள். உங்கள் மகனுக்குப் போட்டால் வெறும் 10 தான் வருகிறது. ஒரே 27.7 தான், பாருங்கள்.

பயப்படச் சொல்லவில்லை. இது சர்க்கரை இருக்கிறது என்ற தீர்ப்பு அல்ல, பார்த்துவிட வேண்டும் என்பதற்கான அடையாளம். வெறும் வயிற்றில் 100 க்குக் கீழே இருந்தால் நிம்மதி. 100 முதல் 125 வரை என்றால் சர்க்கரையின் வாசல்படியில் நிற்கிறீர்கள். அங்கிருந்து திரும்பி வர முடியும். மூன்று நான்கு கிலோ குறைந்து, இடுப்பு இரண்டு இஞ்ச் இறங்கினாலே ஈரல் லேசாகிவிடும். 126 அல்லது அதற்கு மேல் வந்தால் இன்னொரு முறை சரிபார்த்துவிட்டுச் சிகிச்சையை ஆரம்பிக்கலாம். தையல் வேலையில் ஒரு வசதி இருக்கிறது. ஒவ்வொரு பிளவுஸ் முடிந்ததும் எழுந்து ஐந்து நிமிடம் நடக்கலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

டேப் வைப்பதிலும் ஒரு திருத்தம். தையலுக்கு எடுக்கிற இடம் வேறு, இதற்கு எடுக்கிற இடம் வேறு. பாவாடை நாடா கட்டும் இடத்திலோ, தொப்பைக்குக் கீழே பேன்ட் நிற்கும் இடத்திலோ வைத்தால் அளவு குறைத்துக் காட்டும். கடைசி விலா எலும்பு எங்கே முடிகிறது, இடுப்பெலும்பு எங்கே தொடங்குகிறது என்று விரலால் தடவிப் பார்த்து, இரண்டுக்கும் நடுவில் வையுங்கள். துணிக்கு மேல் வேண்டாம். மூச்சை இயல்பாக விட்டு, வயிற்றை எக்காமல், டேப் தோலை அழுத்தாமல் எடுங்கள். வீட்டுக்காரருக்கு மறுபடி எடுத்தால் 37 க்கு மேலேயே வரலாம். அவர் கோபித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவர் அடுத்த முறை மாத்திரை வாங்க ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும்போது நீங்களும் கூடப் போங்கள். முந்தின ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்டால் போதும், காலையில் காபிகூடக் குடிக்காமல் போக வேண்டும். தண்ணீர் குடிக்கலாம். வெறும் வயிற்றுச் சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள், அவரோடு சேர்த்து உங்கள் பெயரிலும் ஒரு சீட்டு போடச் சொல்லுங்கள். என்ன எண் வந்தாலும் உங்கள் இடுப்பளவோடு சேர்த்து எனக்கு எழுதுங்கள்.